போர்க்காலத்தில் படிப்பும் பட்டமும்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமை காலையில் யாராவது ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார்கள். "டீச்சர், தாத்தா பெட்டியில இருந்துச்சு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க." உள்ளே பழைய சான்றிதழ் இருக்கும், பரீட்சை நுழைவுச் சீட்டு இருக்கும், சில சமயம் ஜப்பான் முத்திரை வைத்த தாள் இருக்கும். இன்னும் சிலர் வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு, அங்கே சண்டை மூண்ட சேதி கேட்டுத் தூக்கம் போனவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் கவலை ஒன்றுதான்: போர் வந்தால் படித்த படிப்பு என்ன ஆகும்? ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊரே பற்றி எரியும்போது பரீட்சை நடத்த முடியுமா?

முடியும். நடந்தும் இருக்கிறது. ஆனால் பரீட்சை என்றதும் நாம் நினைப்பது மண்டபத்தில் உட்கார்ந்து எழுதும் அந்த மூன்று மணி நேரத்தை மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவோ வேலை இருக்கிறது. யார் எழுதப் போகிறார் என்று முன்கூட்டியே பெயரைப் பதிய வேண்டும். வினாத்தாள் உறை கிழியாமல் வந்து சேர வேண்டும். எழுதும்போது நம்பகமான ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். விடைத்தாள் திருத்துகிறவர் கைக்குப் போக வேண்டும். கடைசியில், கிடைத்த மதிப்பெண் அழியாத ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும்.

அந்தக் காலத்து மலாயாவில் சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதிப் பரீட்சையின் வினாத்தாளும் லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பரீட்சைத் தாளும் கப்பலில்தான் வந்தன. எழுதிய தாளும் கப்பலில்தான் இங்கிலாந்து போக வேண்டும். கடலில் நீர்மூழ்கிக் கப்பல் சுற்றிக்கொண்டிருந்த வருடங்களில் அந்தப் பயணத்துக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்? போர் எழுதுகிறவனின் கையை மட்டும் கட்டுவதில்லை, இந்த வழியில் எந்தக் கண்ணியை வேண்டுமானாலும் அறுத்துவிடும்.

தாத்தா 1941இல் சீனியர் கேம்பிரிட்ஜ் வகுப்பில் இருந்தாராம். சான்றிதழ் மட்டும் எங்கும் இல்லை. பொய் சொல்லியிருப்பாரோ?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் அப்பாதான் நினைவுக்கு வருவார்.

பள்ளி இறுதிப் பரீட்சை டிசம்பர் மாதத்தில் வரும். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ விழுந்துவிட்டது. பேராக் மாநிலத்துப் பிள்ளைகள் பல வருடம் தயார் செய்த பரீட்சை, படை நடந்துவந்த அதே மூன்று வாரத்துக்குள் மாட்டிக்கொண்டது. அப்பா தோட்டத்து டிரெசரின், அதாவது தோட்ட மருத்துவமனை உதவியாளரின் மகன். தினமும் விடியற்காலையில் லயத்திலிருந்து கிளம்பிப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போய் வந்தவர். அவரிடம் கடைசியில் மிஞ்சியது பரீட்சை எண் எழுதிய ஒரு சிறு சீட்டுதான். அதன்பின் மூன்றரை வருடம் மரவள்ளிக் கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள். பெரியப்பாவை ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

1946 டிசம்பரில், 22 வயதில், மீசை வைத்த ஆளாக, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அப்பா பரீட்சை எழுதினார். அப்படி வயது தாண்டி எழுதியவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். பின்னாளில் பிரதமரான டாக்டர் மகாதீர், ஜப்பானியர் காலத்தில் காப்பியும் வாழைப்பழப் பலகாரமும் விற்றுவிட்டு, போர் முடிந்த பிறகுதான் பள்ளிப் படிப்பை முடித்தார். 1947இல் சிங்கப்பூரில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

ஆகவே 1941 வருடச் சான்றிதழ் இல்லையென்றால் 1946, 1947 வருடங்களைத் தேடுங்கள். அப்போதும் எழுத முடியாமல் போனவர்களும் உண்டு. குடும்பத்தில் மூத்தவன் மரம் வெட்டப் போக வேண்டியிருந்தால் பரீட்சைக் கட்டணம் எங்கிருந்து வரும்? ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு 1945க்குப் பிறகு வெறும் காகிதம். மூட்டையாக வைத்திருந்தவன் கையிலும் காசில்லை.

சிறை முகாமிலிருந்தே பட்டப் பரீட்சை எழுதினார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். எனக்கு இதில் இருக்கும் மலைப்பு இன்னும் தீரவில்லை.

ஜெர்மனியிலும் இத்தாலியிலும் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்காக, ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தின் புதிய கட்டடத்தில் இடம் வாங்கி, செஞ்சிலுவைச் சங்கம் ஒரு தனிப் பிரிவை நடத்தியது. கைதி கடிதம் போடுவான்: எனக்குச் சட்டம் படிக்க வேண்டும், எனக்குக் கணக்கியல் வேண்டும் என்று. புத்தகத்தைப் பிரித்து, பென்சில் குறிப்போ வரைபடமோ இல்லாமல் பார்த்து, தணிக்கைக்காரரிடம் காட்டி, நடுநிலை நாட்டு வழியாக அனுப்புவார்கள். படித்து முடித்தவனுக்கு வினாத்தாள் முத்திரையிட்டுப் போகும். முகாமில் மூத்த அதிகாரி ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். விடைத்தாள் அதே வழியில் திரும்பி வரும். லண்டன் பல்கலைக்கழகம் மட்டும் 1940 முதல் 1945 வரை எண்பதுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 11,000 தேர்வுகளை நடத்தியது.

இதைப் படிக்கும்போது எனக்கு வீரர்களைவிட அந்த எழுத்தர்கள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். குண்டு விழுகிற ஊரில் உட்கார்ந்து, முகாம் எண், கைதி எண், பாடத்தின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதியவர்கள். ஒரு வரி தப்பியிருந்தால் ஒருவனின் மூன்று வருடப் படிப்பு போயிருக்கும்.

சாங்கி முகாமில் ஏன் அப்படி நடக்கவில்லை?

படிப்பு நடந்தது. 1942இல் சிங்கப்பூரின் சாங்கியில் ஜப்பானியர்களால் அடைக்கப்பட்ட படைவீரர்கள் தங்களுக்குள்ளேயே ஆசிரியர்களைத் தேடி வகுப்புகள் வைத்தார்கள். சாங்கிப் பல்கலைக்கழகம் என்றே பெயர். ஆனால் வெளியிலிருந்து வினாத்தாள் வர வழியில்லை. போர்க்கைதிகளின் அறிவு சார்ந்த முயற்சிகளை ஊக்குவிக்க வேண்டும் என்று 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. ஜப்பான் அதில் கையெழுத்துப் போட்டது, ஆனால் ஏற்பு உறுதி செய்யவில்லை. செஞ்சிலுவைப் பொட்டலம் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்த இடம். அப்புறம் ஆட்களைப் பிரித்துச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பியதும் வகுப்பும் கலைந்துவிட்டது. அதே பாதைக்குத்தான் நம் தோட்டத்து ஆட்களும் போனார்கள். அவர்களுக்குப் பதிவேடுகூட ஒழுங்காக இல்லை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்று இன்றுவரை சரியாகச் சொல்ல முடியாததற்கு அதுவே காரணம்.

ஜப்பான் முத்திரையோடு மருத்துவப் படிப்புத் தாள் இருக்கிறது. அது என்ன?

சிங்கப்பூரில் 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி ஆனது. மலாயா முழுவதற்கும் டாக்டர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். சிங்கப்பூர் விழுவதற்கு முதல் நாள், 1942 பிப்ரவரி 14 அன்று, பீரங்கித் தாக்குதலில் இறந்த ஒரு மாணவரைக் கல்லூரி வளாகத்தில் புதைத்துக்கொண்டிருந்தார்கள். புதைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் மேலேயே குண்டு விழுந்தது. பலர் அங்கேயே இறந்தார்கள்.

கல்லூரி மூடிய பிறகு, 1943இல் ஜப்பானியர்கள் சிங்கப்பூரில் ஒரு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 1944இல் அதை மலாக்காவுக்கு மாற்றினார்கள். உங்கள் தாள் அதைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஊரையும் வருடத்தையும் பாருங்கள். பழைய கல்லூரி 1946இல் மீண்டும் திறந்தது. அதன்பின் அதே ஆளின் பெயர் அந்தக் கல்லூரித் தாளில் வருகிறதா என்று தேடுங்கள். அங்கே பெறுவது பட்டம் இல்லை, எல்.எம்.எஸ். என்ற உரிமத் தகுதி. மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1949 அக்டோபர் 8ஆம் தேதிதான். இந்தக் கல்லூரியையும் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியையும் சேர்த்து அதை உருவாக்கினார்கள். அதனால் "தாத்தா 1940இலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தார்" என்று யாராவது சொன்னால், ராஃபிள்ஸ் கல்லூரி டிப்ளோமாவைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உபகாரச் சம்பளம் போர்க்காலத்தில் நின்றுவிடுமா?

பணம் நிற்கும், திசை மாறும், சில சமயம் எதிரி கையிலிருந்தே வரும்.

பின்னாளில் சிங்கப்பூர்ப் பிரதமரான லீ குவான் யூ பள்ளி இறுதியில் முதலிடம் பெற்றவர். லண்டன் போகும் எண்ணத்தை ஐரோப்பியப் போர் தடுத்ததால் ஆண்டர்சன் உபகாரச் சம்பளத்தில் 1940இல் ராஃபிள்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அதையும் போர் பாதியில் வெட்டியது. 1946இல்தான் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

ஜப்பானியர்களும் உபகாரச் சம்பளம் கொடுத்தார்கள். 1943இலும் 1944இலும் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து சுமார் 200 இளைஞர்களை ஜப்பானுக்குப் படிக்கக் கொண்டுபோனார்கள். அவர்களில் மலாயாவைச் சேர்ந்த மூவர் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தது. நிக் யூசோப், சையட் ஓமார் இருவரும் அதனால் இறந்தார்கள். சையட் ஓமார் ஊர் திரும்பும் வழியில் கியோத்தோவில் உயிர்விட்டார், அவருடைய கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. மூன்றாமவர் அப்துல் ரசாக் பிழைத்து வந்து ஆசிரியரானார். நேதாஜியும் 1944இல் மலாயா, பர்மா, தாய்லாந்தில் வளர்ந்த 45 இந்திய இளைஞர்களைத் தோக்கியோவுக்கு இராணுவப் பயிற்சிக்கு அனுப்பினார். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளைக்குப் படிக்க வாய்ப்பு வருகிறது. கொடுப்பவன் யார் என்று எடைபோடும் வயதா அது? அந்தத் தாள் வீட்டில் இருந்தால் மறைக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

நம்மூர்க்காரரிடமிருந்தே தொடங்கலாம். பின்னாளில் அமைச்சரான துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தவர். பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் இந்தியாவுக்கும் நமக்கும் நடுவே கடிதமும் பணமும் அறுந்துவிட்டன. போர் முடிந்த பிறகே அவரால் ஊர் திரும்ப முடிந்தது.

எஸ். ராஜரத்தினத்தின் கதை வேறு. வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர், அப்பா ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சட்டம் படிக்கப் போனார். போரால் வீட்டுப் பணம் நின்றது. பட்டம் வாங்காமலேயே பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார்.

பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனில் இன்னர் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் வழக்கறிஞர் படிப்பைப் போரால் விட்டுவிட்டு வந்து, கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்தார். போருக்குப் பின் திரும்பிப் போய், 1949இல், 45 வயதைத் தாண்டிய பிறகு முடித்தார். அவருடைய பெயர் அந்தச் சட்டக் கழகத்தின் பதிவில் இருந்தது, அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. இதைப் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்வேன்: படிப்பை விட்டு வரும்படி ஆனாலும், "நிறுத்தி வைக்கிறேன்" என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். சொல்லாமல் வருவது வேறு, ஒத்திவைத்துவிட்டு வருவது வேறு.

"போர்க்காலப் பட்டம்" என்றால் தரம் குறைந்ததா?

இல்லை. ஹாங்காங் 1941 கிறிஸ்துமஸ் அன்று சரணடைந்தது. சில நாட்களுக்குள், 1942 ஜனவரித் தொடக்கத்தில், ஹாங்காங் பல்கலைக்கழகம் அவசரமாகக் கூடி, படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த மாணவர்களுக்குப் போர்க்காலப் பட்டம் கொடுத்தது. பேராசிரியர்கள் முகாமுக்குள் அடைக்கப்பட இருந்தார்கள். அன்று கொடுக்காவிட்டால் என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. மீதி மருத்துவ மாணவர்கள் எல்லை தாண்டிச் சீனாவுக்குள் போனார்கள். தப்பிப்போன பேராசிரியர் கார்டன் கிங் அவர்களை அங்கிருந்த மருத்துவக் கல்லூரிகளில் சேர்க்க ஏற்பாடு செய்தார். ஐந்தாறு வருடம் தங்களிடம் படித்தவர்களை நன்றாக அறிந்த ஆசிரியர்கள் போட்ட கையெழுத்தை நான் மதிக்கிறேன்.

தாத்தாவின் பெயர் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) வேறு மாதிரியும் இருக்கிறது. என்ன செய்வது?

தோட்டப்புறத்தில் இது சர்வசாதாரணம். பள்ளியில் ஆசிரியர் ஒரு மாதிரி எழுதினார். 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் அவசரகாலம் வந்து அடையாள அட்டை கொடுத்தபோது எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். அந்த அவசரகாலம் வெடித்ததே நம் ஊர்ப் பக்கம்தான். ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுடப்பட்டார்கள். 1960 வரை பன்னிரண்டு வருடம் நீடித்தது. வேலி போட்ட இடங்களுக்கு மக்களை மாற்றியபோது பெட்டியில் இருந்த தாளெல்லாம் எங்கெங்கோ போனது.

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பழைய பள்ளி விலகல் சான்று எது கிடைத்தாலும் கூட வையுங்கள். என் அப்பாவின் விஷயத்தில் ஓர் அலுவலகம் ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக எங்களை நான்கு முறை திருப்பி அனுப்பியது. ஐந்தாவது முறை பழைய பரீட்சைச் சீட்டைக் காட்டினோம், முடிந்தது. கேம்பிரிட்ஜ் சான்றிதழே தொலைந்திருந்தால், தேர்வு வாரியத்துக்கு எழுதி முடிவுகளை உறுதிசெய்யும் கடிதம் கேட்கலாம். பரீட்சை எழுதிய வருடம், பள்ளி, அப்போது பதிந்த பெயர் மூன்றும் தேவை. அந்தப் பழைய பெயரைத் திருத்தி எழுதாதீர்கள், அதைக் கொண்டுதான் தேடுவார்கள்.

பக்கத்து வீட்டில் இலங்கையிலிருந்து வந்த தம்பி. போரால் பாதிப் படிப்பு. அகதி அட்டைதான் இருக்கிறது. வழி உண்டா?

உண்டு, ஆனால் மேடும் பள்ளமுமான வழி. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் கலைந்து, அடுத்த வருடம்தான் மீண்டது. போர் நடந்த வன்னிப் பகுதிக்குள் பரீட்சைத் தாள்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு போய்த் திரும்பியதும் உண்டு. ஆகவே அவர் எழுதிய பரீட்சைக்குக் கொழும்பில் பதிவு இருக்க வாய்ப்பு அதிகம். உறவினர் யாராவது பரீட்சைத் திணைக்களத்தில் பிரதி கேட்டுப் பார்க்கட்டும். மலேசியா அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை, அரசுப் பல்கலைக்கழகக் கதவு எளிதில் திறக்காது. ஐ.நா. அகதி அட்டை வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தனியார் பல்கலைக்கழகங்கள் சில இருக்கின்றன. ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தாள் இல்லாதவரின் படிப்பை நேர்காணல் வைத்து மதிப்பிடும் தகுதிக் கடவுச்சீட்டு ஒன்றை யுனெஸ்கோவும் உருவாக்கியிருக்கிறது.

மகள் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே சண்டை வந்தால்?

நம் தோட்டப்புறத்துக் குடும்பங்கள் நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, பிள்ளைகளைக் கிரிமியாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் மருத்துவம் படிக்க அனுப்பிய காலம் எனக்கு நன்றாகத் தெரியும். 2014இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கிருந்த மருத்துவப் பல்கலைக்கழகம் வேறொரு பெரிய பல்கலைக்கழகத்தின் பகுதியாக ஆகிவிட்டது. சேர்ந்தபோது ஒரு நாடு, படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு நாடு. 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டபோதும் மலேசியர்களை அவசரமாக வெளியேற்ற வேண்டிவந்தது.

நல்ல சேதியும் இருக்கிறது. உக்ரைன் 2022இல் போருக்கு நடுவிலேயே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைச் சுருக்கி, கணினியில் எழுதும்படி மாற்றி, வெளிநாட்டு நகரங்களிலும் மையம் வைத்து நடத்தியது. கப்பலுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது.

மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் முத்திரை வைத்த மதிப்பெண் பட்டியலை வாங்கட்டும். பாடத்திட்டத்தை, எத்தனை மணி நேரம் எந்தப் பாடம், எந்த மருத்துவமனையில் எத்தனை வாரம் பயிற்சி என்பதோடு வாங்கட்டும். வேறு கல்லூரி அவளைச் சேர்க்கும்போது பார்ப்பது இதைத்தான். பட்டியலில் "மருத்துவம் 3" என்று மட்டும் இருந்தால் யாருக்கு என்ன புரியும்? எல்லாவற்றையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும், கட்டணம் கட்டிய ரசீதையும் சேர்த்து. போனவுடன் தூதரகத்தில் பெயர் பதியட்டும். ஜேபிஏ (அரசின் பொதுச் சேவைத் துறை) போன்ற உபகாரச் சம்பளம் என்றால், அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கல்லூரி மாறக்கூடாது, ஒப்பந்தம் முறிந்துவிடும். மாறப்போகும் கல்லூரிக்கு மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று, பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இதெல்லாம் அப்புறம். முதல் விமானத்தில் வீடு வந்து சேரட்டும்.

பழைய சான்றிதழைப் பிளாஸ்டிக் போட்டு ஒட்டி வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது, புடைப்பு முத்திரையும் தட்டையாகிவிடும். உலர்ந்த கையால் எடுத்து, நல்ல வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, ஒரு கெட்டி அட்டைக் கோப்பில் படுக்க வையுங்கள். மழைக்காலத்தில் தகரப் பெட்டி வியர்க்கும், அதனால் அலமாரியின் மேல்தட்டு நல்லது. மடித்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள்.

என்னிடம் கொண்டுவருவதென்றால் நகல் வேண்டாம், அசலையே கொண்டுவாருங்கள். பின்பக்கம் பென்சிலில் எழுதியது நகலில் தெரியாது. அப்பாவின் 1941 சீட்டுக்குப் பின்னால், பரீட்சை நாளுக்குப் பட்டணம் போக எந்த லோரி எத்தனை மணிக்கு வரும் என்று தாத்தா பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார்.